மாலை போட்ட ஊர் ஏன் கதவை அடைத்தது?



1987 ஜூலை 29 அன்று கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கையோடு இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் போய் இறங்கியது. சனம் தெருவில் திரண்டு மாலை போட்டது, ஆரத்தி எடுத்தது. ஜூன் 4-ஆம் தேதி இந்திய விமானங்கள் வானிலிருந்து உணவுப் பொருட்களைப் போட்டதை அந்த மக்கள் மறந்திருக்கவில்லை. அயல்நாட்டுக்குப் போகிற எந்தப் படைக்கும் இப்படியொரு வரவேற்பு எளிதில் வாய்க்காது. 1990 மார்ச் 24-இல் கடைசிப் பிரிவு திருகோணமலையை விட்டுக் கப்பலேறியது. திரும்பி வந்த படையைச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதியே போகவில்லை.

இடையில் நடந்தது என்ன? விடுதலைப் புலிகள் ஆயுதத்தை முழுமையாக ஒப்படைக்கவில்லை, ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று டெல்லி சொல்லும். அதில் உண்மை உண்டு. யாழ்ப்பாணத்து நல்லூரில் 12 நாள் உண்ணாவிரதம் இருந்து புலிகளின் திலீபன் செப்டம்பர் 26-இல் இறந்தார். இலங்கை ராணுவக் காவலில் இருந்த குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட புலிகள் 12 பேர் அக்டோபர் 5-இல் சயனைடு கடித்து மாண்டார்கள். சில நாட்களிலேயே சண்டை மூண்டது. அது துப்பாக்கி ஏந்தியவர்களுக்குள் நடந்த சண்டை. துப்பாக்கி ஏந்தாதவர்களுக்கு நேர்ந்த கதியைத்தான் இந்த மேடை கேட்கிறது.

1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் படை சுட்டுக்கொண்டே நுழைந்தது. எக்ஸ்ரே பகுதியில் நோயாளிகளும் ஊழியர்களும் ஒண்டிக் கிடந்தார்கள். இரவெல்லாம் பிணங்களுக்கு நடுவே செத்தவர்போலக் கிடந்து பிழைத்தவர்கள் உண்டு. மறுநாள் காலை குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரம் தாதியரோடு கைகளைத் தூக்கிக்கொண்டு, தாங்கள் யாரென்று கூவிச் சொல்லியபடியே வெளியே வந்தார். அவரையும் சுட்டார்கள். 60-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 21 பேர் ஆஸ்பத்திரி ஊழியர்கள். உள்ளேயிருந்து புலிகள் சுட்டார்கள் என்றார்கள் படையினர். சரி, சுட்டதாகவே இருக்கட்டும். கைதூக்கி வந்த டாக்டர் எந்தத் துப்பாக்கியால் சுட்டார்?

பிறகு சுற்றிவளைப்பு. ஊரையே மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள்; முகத்தை மூடிய ஒருவன் தலையை ஆட்டினால் அந்தப் பையன் லாரியில் ஏற வேண்டும். முகம் மூடிய அந்த ஆளுக்கு யாழ்ப்பாணத்தார் ‘தலையாட்டி’ என்றே பெயர் வைத்தார்கள். சோதனைச் சாவடியில் நிற்கிற சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது, கிழவிக்கு இந்தி தெரியாது. 1989 ஆகஸ்ட் 2-இல் வல்வெட்டித்துறையில் புலிகள் தாக்கி ஆறு சிப்பாய்கள் இறந்தார்கள். அதற்குப் பழியாக 50-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள், வீடுகள் எரிக்கப்பட்டன. ‘இந்தியாவின் மைலாய்’ என்று, வியட்நாமில் அமெரிக்கப் படை படுகொலை செய்த ஊரின் பெயரால் புத்தகமே வந்தது. முன்னுரை எழுதியவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ்.

எந்தப் பாதையில் கண்ணிவெடி இருக்கிறது, எந்தத் தோப்பில் ஆள் பதுங்கியிருக்கிறான் என்று சொல்ல ஊர்க்காரனால்தான் முடியும். ஆஸ்பத்திரியில் அண்ணனைப் பறிகொடுத்தவன் அதைச் சொல்வானா? அவன் வாய் மூடியது. அவன் தம்பி காட்டுக்குப் போனான். தகவல் வற்றிய படை இன்னும் கண்மூடித்தனமாக அடித்தது. ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் அந்த மண்ணில் மடிந்தார்கள். அவர்களில் ஒருவர் பரம்வீர் சக்கரம் பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். தமிழர். அப்படிப்பட்டவர்களின் உயிருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

பிரிட்டனும் இதே பாடத்தைப் படித்தது. 1969-இல் வட அயர்லாந்துக்குப் போன சிப்பாய்களுக்குக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்கள் டீ போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே வீடுவீடாகச் சோதனை; அதற்கடுத்த ஆண்டு விசாரணையில்லாச் சிறை. 1972 ஜனவரி 30-இல் டெர்ரி நகர ஊர்வலத்தில் சுட்டு 13 பேரைச் சாய்த்தார்கள். காயம்பட்ட ஒருவர் பின்னர் இறந்தார். ஆயுதப் போராட்ட அமைப்பான ஐ.ஆர்.ஏ.வுக்கு ஆள் சேர்க்க அதைவிட நல்ல பிரச்சாரகர் கிடைத்திருக்க மாட்டார். ஆனாலும் 2010-இல் அதை விசாரித்த நீதிபதி சாவிலின் அறிக்கை வந்தது. பிரதமர் கேமரூன் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். சோமாலியாவில் தன் சிப்பாய்கள் ஒரு சிறுவனைச் சித்திரவதை செய்து கொன்ற விவகாரத்துக்குப் பிறகு கனடா 1995-இல் ஒரு ரெஜிமென்டையே கலைத்தது.

டெல்லி என்ன செய்தது?

இதையெல்லாம் கேட்டால் புலிகளுக்கு வக்காலத்து என்பார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ராஜினி திராணகம அமைதிப்படையின் அட்டூழியங்களைப் பதிவு செய்தார், புலிகளின் கொலைகளையும் எழுதினார். 1989 செப்டம்பர் 21-இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பழி புலிகள் மீதே விழுந்தது. ஒருவன் செய்த கொலை இன்னொருவன் செய்த கொலைக்கு ரசீது ஆகாது.

நம் கடலூர் மாவட்டத்து முகாம்களில் ஈழத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த அமைதிப்படையில் போய் வந்த முன்னாள் ராணுவத்தினரும் தமிழ்நாட்டு ஊர்களில் இருக்கிறார்கள். இரு தரப்பும் சாட்சி சொல்லும் ஒரு பகிரங்க விசாரணை, சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே நடக்க வேண்டும். அடுத்த முறை கடலூர் எம்.பி. ஓட்டுக் கேட்டு நம் மங்களூர் ஒன்றியத்துக்கு வந்தால், ரோடும் ஏரியும் கேளுங்கள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியைப் பற்றி நாடாளுமன்றத்தில் எப்போது பேசப் போகிறீர்கள் என்றும் கேளுங்கள்.