ஊருக்குள்ளா, புறநகரிலா?

(ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



1996-இல் தேனி தனி மாவட்டத்தின் தலைநகரானது. க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி அமைந்தது. 2022-இல் மதுரைக்கு அகலப்பாதை ரயில் ஓடத் தொடங்கியது. பிள்ளைகளின் படிப்பையும் வேலையையும் முன்னிட்டுக் கம்பத்திலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் அங்குக் குடிபெயரும் குடும்பங்கள் நம்மில் உண்டு. ஊருக்குள் இருப்பதா, பழனிசெட்டிபட்டி, அன்னஞ்சி போன்ற புறப்பகுதிகளுக்குச் செல்வதா என்பதே அவர்களின் முதற் கேள்வி.

நாங்கள் வாடகையை மட்டும் எண்ணிப் புறநகரில் வீடு பிடித்தோம். காற்றும் இடமும் தாராளம். ஆனால் நாங்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின், வயது முதிர்ந்த தாயார் பேச்சுத்துணையின்றித் தனித்திருந்தார்கள். ஒருநாள் காலையில் மயங்கி விழுந்தவர்களை மாலையில்தான் கண்டோம். இறையருளால் பிழைத்தார்கள். பின்னர் ஊருக்குள் சிறிய வீட்டிற்கு மாறினோம். வாடகை கூடியது, அச்சம் நீங்கியது.

புறநகர் கூடாது என்பதன்று. பகல் முழுதும் வீட்டில் இருப்பவர் யார், அவருக்கு அவசரமென்றால் ஓடிவருபவர் யார் என்று முதலில் கேளுங்கள். கோடையில் தண்ணீர் வருமா, இரவில் பேருந்து உண்டா என்று அங்கு வசிப்போரிடம் விசாரியுங்கள். ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்த்தபின் மனை வாங்குங்கள். அனுமதியற்ற மனைகளின் பதிவிற்கு 2016-இல் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்ததை மறவாதீர்கள்; நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதியைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

குடிபெயர்வோர் முன்கூட்டியே நம் நிர்வாகத்திடம் தெரிவித்தால், அங்கு வாழும் நம்மவர்களைக் கொண்டு விசாரித்துச் சொல்வோம்.