பாரத்தில் ஒரு கட்டம்
(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளையின் உபகாரச் சம்பளத்துக்குப் பாரம் நிரப்புகிறோம். 'அகாமா' என்ற கட்டத்தில் தயங்காமல் இஸ்லாம் என்று எழுதுகிறோம். அடுத்த கட்டம் 'பங்சா'. அங்கே பேனா நின்றுவிடுகிறது. நம்மில் சில வீடுகளில் அண்ணன் பத்திரத்தில் இந்தியர், தம்பி பத்திரத்தில் மலாய்க்காரர். அத்தாவும் அம்மாவும் ஒன்றுதான்.

சட்டம் நம்மிடையே பாகுபாடு காட்டுகிறதா? அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு மதம், இனம், வம்சம் பார்த்துக் குடிமக்களைப் பிரிக்கக் கூடாது என்கிறது. சாசனமே வெளிப்படையாக அனுமதித்தவை மட்டும் விலக்கு. அந்த விலக்குகளில் ஒன்று 153ஆவது பிரிவு. அரசாங்க வேலை, உபகாரச் சம்பளம், உயர்கல்வி, லைசென்ஸ் ஆகியவற்றில் மலாய்க்காரருக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் ஒதுக்கீடு தருகிறது.

மலாய்க்காரர் யார்? இஸ்லாத்தைப் பின்பற்றி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் வழக்கங்களைக் கடைப்பிடிப்பவர் என்கிறது 160ஆவது பிரிவு. மெர்டேக்காவுக்கு முன்பே குடும்பம் இங்கே வேரூன்றியிருக்கவும் வேண்டும். இரத்தத்தை அது கேட்கவில்லை. நில ஒதுக்கீட்டுச் சட்டங்களோ கேட்கின்றன. கெடாவில் மலாய் பேசும் அரபு வம்சத்து முஸ்லிமும் மலாய்க்காரராகலாம். நம் பேராவுக்குரிய 1933ஆம் ஆண்டுச் சட்டம் மலாய் இனத்தாரோடு நின்றுவிடுகிறது. ஆக, ஒரே ஆள் ஒரு சட்டத்தில் உள்ளே, இன்னொன்றில் வெளியே. தொழுகையில் தோளோடு தோள் நிற்பவர்கள் கௌண்டரில் இரண்டு வரிசையாகிறோம்.

இதற்காகத் தமிழை மறைக்க வேண்டுமா? வேண்டாம் என்பதே நம் எண்ணம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நம் முன்னோர் தமிழில் கணக்கெழுதினார்கள், மலாயில் வியாபாரம் பேசினார்கள். ஒன்றுக்காக மற்றதை விடவில்லை.

அதே 153ஆவது பிரிவு, மற்றச் சமூகங்களின் நியாயமான நலன்களையும் காக்கச் சொல்கிறது. அந்தப் பிரிவையே கேள்வி கேட்பதைத் தடுக்க 10ஆவது பிரிவு வழி செய்கிறது. ஆனால் அது நடைமுறைப்படும் விதத்தைப் பற்றிப் பேச இடம் விட்டிருக்கிறது. அந்த இடத்தை நாம் பயன்படுத்த வேண்டும். பிள்ளையின் மனு தள்ளப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மனு நகலைப் பத்திரப்படுத்துங்கள். சங்கத்திடம் கொண்டு வாருங்கள்.

கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுவோம். தான் யார் என்பதை மறைக்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்து எந்த உதவியும் நமக்கு வேண்டாம். உரிமையைக் கேட்கக் கற்றுக்கொடுப்போம். அல்லாஹ் அருள் புரிவானாக. வஸ்ஸலாம்.