எழுவாயைத் தேடும் வகுப்பறை

தன்வினை, பிறவினை என்னும் இலக்கணப் பகுதியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் மாணவர் பலர். அதனைக் கொண்டு ஒரு செய்தியைப் படித்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. எண்ணூர்ப் பள்ளிகளிலேனும் இந்நிலை மாறுதல் வேண்டும்.

2017 சனவரி 28 அன்று விடியலுக்கு முன், எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தை அடுத்த கடலில் 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்னும் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. பின்னதிலிருந்து வெளிப்பட்ட எரியெண்ணெய் கருங்குழம்பாய்க் கரையொதுங்கியது. மீனவரும் மாணவரும் அதனை வாளிகளால் அள்ளினர். 'கடலில் எண்ணெய் கலந்தது' என்பதே இந்நிகழ்ச்சி குறித்து எவர் வாயிலும் எளிதில் வரும் தொடர். இதனைக் கரும்பலகையில் எழுதி, எழுவாய் யாது என வினவலாம். 'எண்ணெய்' என்பர் மாணவர். இலக்கணப்படி விடை சரியே. எனின், எண்ணெய் தானே புறப்பட்டு வந்ததா? இவ்வினா எழுந்ததும் கப்பல் வரும். கப்பலுக்குப் பின் அதனைச் செலுத்தியோர் வருவர். வகுப்பில் ஓசை மிகும், மிகட்டும்.

எனினும் தன்வினைத் தொடர் அனைத்தும் மறைப்பதற்கே பிறந்தவை எனக் கற்பித்தல் தவறு. 'ஓதம் ஏறியது' என்பதற்குப் பின்னே எவரையும் தேட வேண்டுவதில்லை. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, எண்ணூர்க் கழிமுகத்தில் 'வெள்ளம் வந்தது, எண்ணெய் வந்தது.' இரு தொடர்க்கும் அமைப்பு ஒன்றே. முன்னதை மழை தந்தது. பின்னது மணலியிலுள்ள சென்னை பெட்ரோலியம் நிறுவன வளாகத்திலிருந்து வந்ததென மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. இவ்வேறுபாட்டை உணர்த்துவதே பாடத்தின் உயிர்.

மொழியியலறிஞர் ஹாலிடே 1990இல் கிரேக்க நாட்டில் ஆற்றிய உரையில், நீர், எண்ணெய் போன்றவற்றை எண்ணப்படாப் பெயர்களாக வழங்குவதால் அவை வற்றாதவை போலத் தோன்றுகின்றன என்றார். தமிழிலும் நீருக்குப் பன்மையில்லை.

சொற்பொருள் மாற்றமும் ஆராயத்தக்கது. 'புறம்போக்கு' என்பது வரிவிதிப்புக்குப் புறம்பாக, மேய்ச்சலுக்கும் நீர்நிலைக்கும் ஊர்ப் பொதுவில் விடப்பட்ட நிலம். இன்று அது வசைச்சொல். வசையாகிவிட்ட நிலத்தில் சாம்பலைக் கொட்டினால் கேட்பார் யார்? டி.எம்.கிருஷ்ணா 2017இல் எண்ணூர்க் கழியில் நின்று பாடிய புறம்போக்குப் பாடல் இச்சொல்லையே மீட்க முனைந்தது.

'பாடு' என்பதற்குத் துன்பம் என்றே மாணவர் பொருளெழுதுவர். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில், மீனவர் முறைவைத்து ஏரியைப் பகிர்ந்து வலைவிரிக்கும் ஏற்பாட்டிற்கும் அதுவே பெயர். அடுத்த பாடவேளையை அச்சொல்லில் தொடங்கலாம்.