எண்ணெய்க்கு ஒரு சட்டம், சாராயத்துக்கு ஒரு சட்டம்

(கள்ளக்குறிச்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடலே இல்லாத கள்ளக்குறிச்சியில எண்ணெய்க் கசிவைப் பத்திப் பேச என்ன இருக்குன்னு வாசல்ல ஒரு தோழர் கேட்டார். இருக்கு.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மணலி சி.பி.சி.எல். ஆலையின் எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனது. படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாம் கறுப்பு. அள்ளியது யார்? மீனவர்கள். எதால்? கையால், பக்கெட்டால். 2017 ஜனவரியில் அதே எண்ணூர்க் கடலில் ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினபோதும் பக்கெட்டுதான். ராக்கெட் விடுகிற நாடு! மலக்குழியில் மனுசனை இறக்குகிற அதே புத்தி.

அரசு அறிவித்த நிவாரணம்: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுக்குத் தலா 10,000, மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. வங்கியில் பேரேடு எழுதுகிறவன் நான், கை சும்மா இருக்காது. மூணு மாசம் தொழில் இல்லைன்னு வைத்துக்கொண்டால் 12,500 என்பது நாளுக்கு 139 ரூபாய். படகே இல்லாமல், சேற்றில் கைவிட்டு இறால் தடவிப் பிடிக்கிற இருளருக்கு எந்தப் பட்டியலில் இடம்?

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2024 ஜூன், கருணாபுரம். மெத்தனால் சாராயம் 60 பேருக்கு மேல் கொன்றது. பத்தே நாளில் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். அந்தச் சட்டம் வேண்டாம்னு நான் சொல்லவில்லை. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் டெல்லியின் இன்னொரு திருத்தம் அமலுக்கு வந்ததே, எத்தனை பேருக்குத் தெரியும்? 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் 5 ஆண்டு வரை சிறை என்று இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். இப்போது 10,000 முதல் 15 லட்சம் வரை அபராதம், அவ்வளவுதான். அதையும் கட்டாவிட்டால்தான் சிறை. ஆலை முதலாளிக்குப் 15 லட்சம் டீச்செலவு. கல்வராயன் மலையில் ஊறல் தேடிப் போகிற போலீசு, மலையாளிப் பழங்குடியின் வாசலில் இப்படியா பேரம் பேசுகிறது?

கோமுகி அந்த மலையிலதான் பொறக்குது. நாளைக்கு மேலே ஒரு ஆலை வந்தால் இந்தச் சட்டம்தான் நமக்கும்.

சட்டத்தில் ஒண்ணுமே இல்லைன்னும் சொல்ல முடியாது. மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்பதை, வேலூர்த் தோல் ஆலை வழக்கில் 1996லேயே உச்சநீதிமன்றம் ஏற்றது. 2010 பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்திலும் அது இருக்கு. பாதிக்கப்பட்டவரே மனுப் போடலாம், 5 ஆண்டுக்குள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கட்டணம் கிடையாது. அப்படியென்றால் எண்ணூர்க்காரர்களுக்கு 2028 டிசம்பர் வரை காலம் இருக்கு. மனு எழுதத் தெரிந்த தோழர்கள் கூட்டம் முடிந்ததும் பேர் கொடுங்கள். சென்னைக்குப் பஸ்ஸு ராத்திரியும் இருக்கு.