விண்ணை விளங்கச் சொன்னவர்கள்
(நங்கநல்லூரில் ஆற்றப்பெற்ற உரை)



கதிரவன் புவியிலிருந்து ஏறத்தாழ 15 கோடிக் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்று பள்ளிப் பாடநூல் சொல்கின்றது. பிள்ளைகளும் அதனை உருப்போட்டு எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். "அங்கே போய் அளந்தவர் யார்?" என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டுவிட்டால், பெற்றோருள் எத்தனை பேர் விடை கூறுவர்?

விண்ணைக் கணித்தல் வேறு; கணித்ததன் காரணத்தைக் கேட்போர்க்கு விளக்குதல் வேறு. இவ்விரண்டுள் முன்னது தமிழ்நிலத்திற்குப் புதிதன்று. பிரஞ்சு வானியலார் இலெ சாந்தி என்பார், கதிரவனை வெள்ளி கடப்பதைக் காணப் புதுச்சேரிக்கு வந்து காத்திருந்தார். 1769 சூன் 4 காலையில் முகில் மூடிக்கொண்டது. கடல்கடந்து வந்தவர் ஒன்றும் காணாது நின்றார். ஆயினும் வெறுங்கையோடு திரும்பவில்லை. தமிழர் நிலாமறைப்பைக் கணிக்கும் முறையைக் கேட்டறிந்து எழுதிச் சென்றார். 1765 ஆகத்து 30 நிலாமறைப்பின் மொத்தக் காலத்தில் தமிழ்க் கணக்கு 41 நொடி குறைந்தது. ஐரோப்பாவில் பெயர்பெற்ற மேயரின் பட்டியலோ 68 நொடி மிகுந்தது!

இதைச் சொல்லிப் பெருமிதம் கொள்வதோடு நின்றுவிடலாகாது. 1825இல் புதுச்சேரியில் மற்றொரு கணக்கர், வாய்பாடுகளை நெஞ்சிலிருந்தே எடுத்துத் தரையில் சோழிகளை வைத்து நிலாமறைப்பைக் கணித்தார். வியப்பான திறன்தான். ஆனால் அக்கணக்கின் அடிப்படைக் கொள்கையை அவர் அறியார் என்று, அருகிருந்து கண்ட வாரன் எழுதியுள்ளார். கை கணித்தது, காரணம் கைநழுவிப் போயிற்று. காரணம் தெரியாத கணக்கைத் திருத்துவது எங்ஙனம்?

அக்காரணத்தை எடுத்துச் சொல்ல முன்வந்தவர் ஒருவர் இதே சென்னையில் வாழ்ந்தார். நுங்கம்பாக்கத்தில் 1792இல் வான்நோக்ககம் எழுந்தது. அதன் கருங்கல் தூண் இன்றும் வானிலை நடுவத்தின் வளாகத்தில் நிற்கின்றது. ஆசியாவில் கணித அறிவியலைப் பிரித்தானியர் பெருந்தன்மையே முதன்முதல் நட்டது என்னும் கருத்து அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழ் எழுத்தும் அத்தூணில் உண்டு. (சோழிக் கணக்கரை அவர்கள் அப்போது கண்டிலர் போலும்!)

அந்நோக்ககத்தில் பணியாற்றியவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். ஐந்திறம் கணிக்கும் குடும்பத்தில் தோன்றியவர். 1867இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874 திசம்பர் 9 அன்று வெள்ளி மீண்டும் கதிரவனைக் கடக்கவிருந்தது. அதனைப் பொதுமக்கள் வெருளாமல் விளங்கிக்கொள்ள வேண்டுமென்று அவர் ஒரு சிறுநூல் எழுதினார். ஆங்கிலத்தோடு கன்னடம், உருது முதலிய இந்நாட்டு மொழிகளிலும் அது வெளிவந்தது. பண்டிதர் ஒருவர் ஐயம் வினவ, வானியலார் ஒருவர் விடை கூறுவதாய் அமைந்த உரையாடல் அது. ஐரோப்பியர் பெருஞ்செலவு செய்து இதனைக் காண ஓடிவருவானேன் என்பதே அன்று கேட்கத்தக்க கேள்வி.

அக்கேள்விக்கு விடை காண நூல் வேண்டா, கட்டைவிரல் போதும். கையை நீட்டி விரலை நிமிர்த்துங்கள். ஒரு கண்ணை மூடிப் பரங்கிமலையைப் பாருங்கள். பின்னர் மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். விரலும் அசையவில்லை, மலையும் அசையவில்லை. ஆயினும் விரல் மலைமேல் இடம்மாறித் தோன்றும். இரு கண்களின் இடைவெளியும் அம்மாற்றத்தின் கோணமும் தெரிந்தால் விரலின் தொலைவு கணக்கில் வந்துவிடும். இனி, விரலை வெள்ளியாகவும் மலையைக் கதிரவனாகவும் கொள்ளுங்கள். கண்கள் இரண்டும் புவியில் வடக்கும் தெற்குமாய் நெடுந்தொலைவில் உள்ள இரண்டு ஊர்கள். அவ்விரண்டிலிருந்தும் வெள்ளி செல்லும் கோடு சற்றே மாறித் தோன்றும். கடக்கும் நேரமும் மாறும். கோள்களின் தொலைவுகள் ஒன்றுக்கொன்று எவ்விகிதத்தில் உள்ளன என்பதைக் கெப்ளர் முன்பே சொல்லிவிட்டார். ஒரு தொலைவு கிடைத்தால் எல்லாத் தொலைவும் கிடைக்கும்.

ஆனால் கண்களின் இடைவெளி தெரியவேண்டுமே! அதற்குப் புவியின் அளவு வேண்டும். 1802 ஏப்பிரலில் இலாம்டன் என்பார் இதோ இப்பரங்கிமலை அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கக் குன்று வரை ஏழரைக் கல் தொலைவை, நூறடி எஃகுச் சங்கிலியை மடக்கி மடக்கி வைத்து அளந்தார். இத்தகைய நில அளவுகள் பல நாடுகளிலும் சேர்ந்தே புவியின் அளவைத் தந்தன. விண்ணை அளந்த கோலின் ஒரு முனை நங்கநல்லூருக்கு இவ்வளவு அருகில் கிடந்தது!

1874 அளவீடு எதிர்பார்த்த துல்லியத்தைத் தரவில்லை. வெள்ளியின் கரிய வட்டம் கதிரவன் விளிம்பில் நீர்த்துளிபோல ஒட்டி நீண்டதால் தொடும் நொடியைக் குறிக்க இயலவில்லை. 1961இல் வெள்ளிக்கே இரேடார் அலையை அனுப்பி, அது மீளும் நேரத்தைக் கொண்டு கணக்கைச் செப்பமாக்கினர். தொலைவு 14 கோடியே 96 இலக்கம் கிலோமீட்டர்.

இன்றைய அறிவியலாரும் தமிழில் விளக்குகின்றனர். கோதவாடியில் தமிழ்வழியிற் பயின்ற மயில்சாமி அண்ணாதுரை, 2008இல் சந்திரயான்-1 திட்டத்தை இயக்கியவர்; அக்கதையைத் தமிழிலேயே நூலாக எழுதினார். நிலாவில் இறங்கும் ஊர்தியை ஆய்ந்து பார்க்க, நிலா மண்ணை ஒத்த மண் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது. செங்கோட்டையிற் பிறந்த நிகார் சாசி திட்ட இயக்குநராயிருந்த ஆதித்தியா எல்-1, 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்டது. அது நிலைகொண்ட இடம் 15 இலக்கம் கிலோமீட்டர் தொலைவு. கதிரவன் தொலைவில் நூற்றில் ஒரு பங்கு. நூற்றில் ஒன்று என்று சொல்ல முடிவதே அந்த வெள்ளிக் கணக்கின் வழிவந்ததுதான்.

2012 சூன் 6 அன்று சென்னையில் கதிரவன் எழும்போதே வெள்ளி அதன்மேல் ஒரு கரும்புள்ளியாய் இருந்தது. கண்காப்புக் கண்ணாடி கொண்டு அதனைக் கண்டோர் இக்கூட்டத்தில் இருப்பின், அப்புள்ளி எவ்வளவு சிறிதாய் இருந்தது என்று அருகிலுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அடுத்த கடப்பு 2117 திசம்பர் 11 அன்றுதான்.