நெஞ்சு சுட்டால் சாட்சியாகுமா?



சென்ற கூட்டத்தின் முடிவில் ஒரு தோழர் எழுந்து, “மதப் பிரசாரம் செய்கின்றவர்கள் எல்லாம் வயிற்றுப் பிழைப்புக்காரர்கள் என்கின்றீர்களே, அமெரிக்காவின் மார்மன் மதத்துப் பிள்ளைகள் சொந்தக் காசைச் செலவழித்துத் தேசம் தேசமாய் அலைகின்றார்களே, அவர்களுக்கு இதில் என்ன பிழைப்பு? கடவுளை உணர்ந்ததாகக் கண்ணீர் விட்டுச் சொல்லுகின்றார்களே, அதுவும் புரட்டா?” என்று கேட்டார். அன்று நேரமாகிவிட்டது. கேள்வி நல்ல கேள்வியானதால் இன்று அதையே விஷயமாக எடுத்துக் கொள்ளுகின்றேன்.

முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். அந்தப் பிள்ளைகள் புரட்டர்கள் அல்ல. பெரும்பாலோர் யோக்கியமான பிள்ளைகள். ஆனால் ஒருவன் யோக்கியன் என்பதனாலேயே அவன் சொல்லுகின்ற சங்கதி உண்மையாகிவிடுமா என்பதுதான் நாம் யோசிக்க வேண்டியது.

இந்த மதத்தை ஏற்படுத்தியவர் ஜோசப் ஸ்மித் என்பவர். தேவதூதன் காட்டிய தங்கத் தகடுகளை மண்ணிலிருந்து எடுத்து, அதிலிருந்ததை மொழிபெயர்த்ததாகச் சொல்லி 1830-ல் மார்மன் புஸ்தகம் என்று அச்சிட்டார். தகடுகள் எங்கே என்றால் தேவதூதனே திரும்ப வாங்கிக் கொண்டு போய்விட்டானாம்! மொழிபெயர்த்த விதமோ, தொப்பிக்குள் ஒரு கல்லைப் போட்டு, முகத்தை அதற்குள் புதைத்துக் கொண்டு சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதியது. அந்தக் கல்லின் படத்தை 2015-ல் அந்தச் சபையாரே வெளியிட்டிருக்கின்றார்கள். நம் ஊரில் வெற்றிலையில் மை தடவிக் களவு போன மாட்டைப் பார்த்துச் சொல்லுகின்றவனுக்கு ஒரு சபையும் அச்சுக்கூடமும் இல்லாமற் போனது அவனுடைய துரதிர்ஷ்டமேயாகும்.

நிற்க, பிள்ளைகளுடைய சங்கதிக்கு வருவோம். ஆண்பிள்ளைகளை 18 வயதிலேயே அனுப்பலாம் என்று 2012-ல் ஏற்பாடு செய்தார்கள். ஆண்களுக்கு 2 ஆண்டு, பெண்களுக்கு 18 மாதம். எந்த ஊர் என்பதைச் சபைதான் தீர்மானிக்கும். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, மார்பில் பெயர்ச் சீட்டு. தாய் வைத்த பெயர் போய் ‘மூப்பர்’ என்ற பட்டம். எந்நேரமும் இரண்டு பேராகவே இருக்க வேண்டும். தனியே உட்கார்ந்து ஒரு சந்தேகத்தை நினைத்துப் பார்ப்பதற்குக்கூட இடமில்லை. 2019 வரையில் பெற்றோருடன் தொலைபேசியில் பேசுவது வருஷத்திற்கு இரண்டு நாள் மட்டுமே. இப்படியாக 2024 முடிவில் 70,000 பேருக்கு மேல் வேலை செய்து கொண்டிருந்தார்கள்.

அவர்கள் ஜனங்களிடம் சொல்லுவது என்ன? “இப்புஸ்தகத்தைப் படியுங்கள், உண்மையா என்று உண்மையான மனதோடு கடவுளைக் கேளுங்கள், பரிசுத்த ஆவி உங்கள் நெஞ்சில் காட்டும்” என்பதேயாகும். நெஞ்சு சூடாகி மனம் நெகிழ்ந்தால் புஸ்தகம் மெய். சரி, ஒன்றுமே தோன்றாவிட்டால்? உன் மனம் உண்மையாக இல்லை. இன்னும் படி, இன்னும் கேள் என்பார்கள். பூக்கட்டிப் பார்க்கும் பூசாரியும் இதைத்தான் சொல்லுகின்றான்: பலித்தால் சாமியின் சக்தி, பலிக்காவிட்டால் உன் பக்திக் குறைவு. பொய் என்று விடை வருவதற்கு வழியே இல்லாத ஒரு பரீட்சை பரீட்சையாகுமா?

இதைவிட விசேஷம் ஒன்று உண்டு. பாய்ட் பாக்கர் என்ற அவர்களுடைய அப்போஸ்தலர் 1982-ல் பிரசாரத் தலைவர்களுக்குச் செய்த பிரசங்கத்தில், சாட்சி என்பது சாட்சி சொல்லுவதிலேதான் கிடைக்கும் என்ற கருத்தை எடுத்துரைத்தார். அதாவது தெரிந்த பின் சொல்லுவது அல்ல. சொல்லிச் சொல்லித் தெரிந்து கொள்ளுவது! 18 வயதுப் பிள்ளை ஒருவன் தினம் பத்து வாசலில் நின்று “எனக்கு நிச்சயமாகத் தெரியும்” என்று சொன்னால் அவனுக்கே அது தெரிந்தது போலாகிவிடாதா? மேலும், பழனிக்கு வெறுங்காலோடு காவடி எடுத்துப் போய் வந்தவன், அங்கே ஒன்றுமில்லை என்று இலேசில் சொல்லுவானா? பட்ட கஷ்டமே அவன் வாயை அடைக்கும்.

நெஞ்சு சுடுவது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குர்ஆன் ஓதும் முஸ்லிமுக்கும், தேவாரம் கேட்கும் சைவருக்கும், ஏன், நல்ல நாடகம் பார்க்கின்றவனுக்குங்கூட நெஞ்சு உருகத்தான் செய்கின்றது. எல்லோருடைய உருக்கமும் ஒன்றையொன்று மறுக்கின்ற மதங்களுக்குச் சாட்சி சொல்லுகின்றது. 1978-க்கு முன் கறுப்பு மக்களுக்கு ஆசாரியத்துவம் கூடாது என்று அந்தச் சபை வைத்திருந்தது. அக்காலத்துப் பிள்ளைகளும் நெஞ்சு சூட்டோடுதான் அச்சபையே மெய்யான சபை என்றார்கள். அவ்வருஷம் ஜூன் மாதத்தில் புது வெளிப்பாடு வந்து தடை நீங்கிற்று. முந்தின நாள் வரை அந்தச் சூடு ஏன் இந்த அநியாயத்தைக் காட்டிக் கொடுக்கவில்லை?

இனி, நெஞ்சை விட்டுக் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஒன்றைப் பார்ப்போம். 1835-ல் எகிப்து தேசத்துப் பிணங்களோடு வந்த சில பழைய ஏடுகளை வாங்கி, அதிலிருப்பது ஆபிரகாமின் சரித்திரம் என்று ஸ்மித் மொழிபெயர்த்து 1842-ல் வெளியிட்டார். எரிந்து போனதாக நினைத்த அவ்வேடுகளின் துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிடன் காட்சிசாலையில் கிடைத்து, 1967-ல் சபையாரிடமே கொடுக்கப்பட்டன. எகிப்து எழுத்துப் படித்த அறிஞர்கள் பார்த்தார்கள். ஆபிரகாம் என்ற பேச்சே இல்லை. செத்தவர்களுக்காகப் பிணத்தோடு வைக்கும் சடங்கு எழுத்துக்கள்! எழுத்தும் மொழிபெயர்ப்பும் பொருந்தவில்லை என்பதைச் சபையாரும் 2014-ல் ஒப்புக் கொண்டு, மற்ற ஏடுகள் தொலைந்திருக்கலாம் என்றும், வேறுவிதமாக வெளிப்பட்டிருக்கலாம் என்றும் வியாக்கியானம் செய்கின்றார்கள்.

இதைப் படித்துச் சந்தேகப்பட்ட பிள்ளையின் கதி என்ன? நடுவில் ஊர் திரும்பினால் ஏளனப் பார்வை. அவர்களுடைய பிரிகாம் யங் சர்வகலாசாலையில் படிக்கச் சபைத் தலைவருடைய நற்சாட்சி வேண்டும். சபையின் அனுமதிச் சீட்டை இழந்த தகப்பன், பெற்ற மகளுக்குக் கோயிலுக்குள் நடக்கும் கலியாணச் சடங்கைப் பார்க்க முடியாது. வெளியே நிற்க வேண்டியதுதான். புரோகிதனைத் தள்ளிக் கலியாணம் செய்து, உறவினர் வராமற் போனதைக் கண்ட தோழர்கள் இங்கு இருக்கின்றீர்கள். உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. இதையெல்லாம் சகித்து, “எனக்குத் தெரியாது” என்று முதல் தடவையாகச் சொன்ன பிள்ளைகளும் அங்கே அநேகர் உண்டு. அவர்களுடைய அனுபவமும் அனுபவந்தானே? அதை மட்டும் ஏன் சாட்சியாக எடுத்துக் கொள்ளுவதில்லை?

நம் பக்கத்துப் பெங்களூரிலும் 1993 முதல் இவர்களுடைய மிஷன் உண்டு. ஆகவே இப்பிள்ளைகள் யாராவது உங்கள் வாசலுக்கு வந்தால் விரட்டாதீர்கள். உட்கார வைத்து மோர் கொடுங்கள், வெயிலில் வந்திருப்பார்கள். அவர்கள் சொல்லுவதை முழுவதும் கேளுங்கள். பிறகு, “தம்பி, அந்த எகிப்து ஏட்டில் என்ன எழுதியிருந்தது?” என்று மட்டும் கேட்டு அனுப்புங்கள்.