தகரக் கூரைக்கு ஒரு பளபளப்பு

மொட்டை மாடியில் தகர ஷீட் போட்டு ஓர் அறை எழுப்பியவர்களைக் கேளுங்கள். சித்திரை மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு அங்கே மனுஷன் உட்கார முடியாது. ஃபேனைப் போட்டால் அனல்தான் இறங்கும்.

வெயில் உள்ளே வரவே இல்லை, பின்னே சூடு எப்படி வந்தது? விறகடுப்புக்கு எதிரே நின்றால், தொடாமலே முகத்தில் சுள்ளென்று அடிக்கிறதே, அதே சங்கதிதான். காய்ந்த தகரம் வெப்பக் கதிரைக் கீழே வீசிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கதிரைத் தடுக்கத்தான் அமெரிக்காவில் டெக்சாஸ், ஃபுளோரிடா பக்கம் சரிவுக் கூரைக்கு அடியில், பரணுக்குள் அலுமினியத் தாள் அடிக்கிறார்கள். வெயில் பிரதேசத்தில் இதனால் குளிரூட்டும் செலவு 5 முதல் 10 சதவீதம் வரை குறையலாம் என்பது அந்நாட்டு எரிசக்தித் துறையின் கணக்கு. பரண் உள்ள வீட்டுக் கணக்கு அது. நம் மாடி அறைக்கு அப்படியே பொருந்தாது.

பளபளப்பான அலுமினியம் சூடானாலும் கதிரை வெளியே விடுவதில் மகா கருமி. ஆனால் அதன் முகம் காற்றைப் பார்த்திருக்க வேண்டும். தகரத்துக்கும் சீலிங் பலகைக்கும் நடுவே நசுக்கி வைத்தால், சூடு தொட்டுத் தொட்டே இறங்கிவிடும். ஓர் அங்குலமாவது இடைவெளி விடுங்கள். பளபளப்பு கீழ்ப்பக்கம் இருக்கட்டும். மேலே பார்த்தால் தூசி படியும். படிந்தால் காசு வீண்.

இன்னொன்று, ஆணி அடிக்குமுன் மெயினை அணைத்துவிடுங்கள். அலுமினியத்தில் மின்சாரமும் பாயும்.